ரெண்டாந் தடவ பாத்தாலும் மாறாத நம்பர்

இல்லண்ணே, மொதல்ல அந்தக் கம்பிக் கதவுலேருந்து கையை எடுங்க. நான் பூட்டைத் தொறக்கறப்ப விரல் மாட்டிக்கும். விரல் விஷயத்துல எங்க வீட்டுக்கு ராசி கெடையாது.

ஆமா, இதான் வீடு. கனவுல நம்பர் பாக்கற தம்பி வீடு இதேதான். புக்கிட் பெருவாங் பிலாட், மூனாவது மாடி, மூலை வீடு, வாசல்ல செருப்பு நெறைய கெடக்கும்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. இப்ப ரெண்டே ஜோடிதான் கெடக்கு. எனக்கு ஒன்னு, அம்மாவுக்கு ஒன்னு. நான் அவனோட அண்ணன், பரமேஸ்வரன். கவி இல்ல. கவிநேசன் ஆஸ்பத்திரியில இருக்கான். அதுவும் தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?

பையில என்னா? காட்டுங்க சும்மா. எலுமிச்சம்பழம், மாலை, சுருட்டு… இது என்னா, ஸ்டவுட்டா? ஏண்ணே, என் தம்பி என்னா முனியாண்டியா? அவனுக்குப் பீர் குடிச்சாலே வயித்தால போகும்.

தப்பா எடுத்துக்காதீங்கலா. வயசுல பெரியவரு, இந்த வெயில்ல மூனு மாடி ஏறி வந்துட்டீங்க. எங்கேருந்து? டுரியான் துங்காலா? ம்ம். உள்ள வாங்க, அந்த நாற்காலியில உக்காருங்க. அதுல வேணாம், அது ஆடும். வரிசையா ஆளுங்க உக்காந்து உக்காந்து காலு போச்சு.

ஆஸ்பத்திரியில அவன் ஒரே நம்பரைச் சொல்லிக்கிட்டிருக்கான்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டு உஷாராணி அக்காவா? அவங்கதான். அந்த அம்மா வாய்க்கு மட்டும் வாரத்துல ஒரு நாளு லீவு விட்டா இந்தத் தமான்ல உள்ள எல்லா வீட்டுக்கும் நிம்மதி.

ஆமா, சொல்றான். காலையில கண்ணு முழிச்சதும் சொல்றான், மருந்து குடுத்தாச் சொல்றான், சோறு திங்கறப்ப சொல்றான். நாலு நம்பர். அதேதான், மாத்தறதே இல்ல. நீங்க கேக்கறது அதுதானே? தரேன். நிறுத்தி நிறுத்திச் சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் போகனும். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, லாட்டரி நம்பர் கடை ஏழு மணி வரைக்கும் தொறந்திருக்கும், மணி இன்னும் மூனுகூட ஆவல. கடியாரத்தைப் பாக்காதீங்க. என் வீட்டுல யாராச்சும் கடியாரத்தை ரெண்டு தடவ பாத்தா எனக்குக் கோவம் வருது. ஏன்னு சொல்றேன்.

கவி என்னாட்டம் இல்ல. நான் நைட் ஸ்கூல்ல படிச்சு இருபத்தாறு வயசுல எஸ்பிஎம் பரீட்சை எடுத்தவன், எதைக் குடுத்தாலும் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிப்பேன். அவனுக்குப் படிப்பு ஏறல. உருமிதான். மாசி மகத்துக்கு இங்க செங் பக்கம் வந்திருக்கீங்களா? காவடிக்கு முன்னால உருமி மேளம் வருமில்ல, அதுல எடது ஓரமா ஒல்லியா ஒருத்தன் நின்னு வாசிச்சா, அவன்தான். அடிக்கறது எவன் வேணா அடிக்கலாம்ணே. தோல் மேல குச்சிய வெச்சு இழுக்கனும் பாருங்க, ஊம்…னு ஒரு சத்தம் வரும், அடிவயித்துலேருந்து மாடு கத்தற மாதிரி. அந்த இழுப்பு எல்லாருக்கும் வராது. இவனுக்கு வந்துச்சு. எடது கை ஆள்காட்டி விரல்ல இருந்துச்சு அந்த இழுப்பு.

அந்த விரல்தான் போச்சு.

செங்கில ஒரு ஃபேக்டரி, காடிக்கு, எல்லா மாடல் காருக்கும், கதவுக் கொண்டி அடிக்கற ஃபேக்டரி. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே அங்கதான். அந்த மிஷினுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் ரெண்டையும் அமுக்குனாத்தான் மேல இருக்கற அச்சு கீழ எறங்கும். எதுக்கு அப்படி? எறங்கறப்ப ஒரு கைகூட உள்ள இருக்கக் கூடாது, அதுக்குத்தான். கண்டுபிடிச்சவன் புத்திசாலி. ஆனா அவன் எங்க மேனேஜருக்குக் கீழ வேலை செஞ்சதில்ல. ஒரு மணிக்கு இத்தனை தகடுன்னு டார்கெட்டு. ஒரு பட்டனைத் துணியால இறுக்கிக் கட்டிட்டா ஒரு கை சும்மாதானே இருக்கும், அந்தக் கையால தகட்டைத் தள்ளிக்கிட்டே போகலாம். எல்லா லைன்லயும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், எவனும் பாக்கல. அன்னிக்கு எடது பட்டனைக் கட்டியிருந்துச்சு. எடது கை உள்ள போச்சு.

சரி, விடுங்க. அது நடந்து ஒன்னரை வருசம் ஆவுது.

மூனு மாசம் எம்சி லீவு. வீட்டுல படுத்துக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டே கெடந்தான். உருமி அந்த அலமாரி மேல, அம்மா பொடவையால மூடி வெச்சாங்க. செத்தவங்க மொகத்தை மூடற மாதிரி. அப்பதான் போன்ல எவனோ ஒரு வெள்ளக்காரன். தூங்கிக்கிட்டிருக்கறப்பவே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாமாம். தெரிஞ்சிட்டா கனவு நம்ம கையில, நெனச்சதைச் செய்யலாமாம். பறக்கலாம், செவுத்துக்குள்ள பூந்து போகலாம். இவன் பறக்கறதுக்கா கேட்டான்? உருமி வாசிக்கலாமான்னு பாத்தான்.

பழக்கம் வேணுமாம் அதுக்கு. பகல்ல பத்து தடவ, இருவது தடவ கைய விரிச்சு விரலை எண்ணனும். எண்ணி, நான் இப்ப முழிச்சிருக்கேனா, தூங்கறேனான்னு கேட்டுக்கனும். கேட்டுக் கேட்டு அது பழக்கமாயி, கனவுலயும் தானா எண்ண ஆரம்பிச்சிடுவோமாம். கனவுல எண்ணுனா கணக்கு ஒதைக்கும், ஆறு வரும், ஏழு வரும். அப்ப கண்டுபிடிச்சிடலாம். கடியாரமும் அப்படித்தான். கனவுல ஒரு தடவ பாத்துட்டு மறுபடி பாத்தா நம்பர் மாறியிருக்கும். அப்பறம் விடிகாலை நாலரைக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு, கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு மறுபடி படுக்கனும். அப்பதான் கனவு நல்லா சிக்குமாம், விடிகாலையில மீன் கடிக்கற மாதிரி.

எல்லாருக்கும் அஞ்சு விரல் இருந்தா முழிச்சிருக்கோம்னு அர்த்தம். இவனுக்கு? இவன் தலைகீழா வெச்சுக்கிட்டான். எடது கையில நாலு இருந்தா நெஜம். அஞ்சு இருந்தா கனவு.

நல்லா நெஞ்சுல வெச்சுக்குங்க அதை. நாலு நெஜம், அஞ்சு கனவு.

ஒன்னரை மாசம் ஒன்னும் நடக்கல. ஒரு நாளு காலையில என்னை ஒலுக்கி எழுப்பறான். அண்ணே, அஞ்சு விரலு இருந்துச்சுண்ணே, இழுத்தேண்ணே, சத்தம் வந்துச்சுண்ணேன்னு. அழுவறானா சிரிக்கறானா தெரியல. அன்னிக்கு எட்டுத் தோசை தின்னான், அதுக்கு முன்ன மூனு மாசமா சோத்தைப் பெசைஞ்சு பெசைஞ்சு வெச்சிட்டு எந்திரிச்சுப் போனவன். நானும் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லல. அதோட விட்டிருந்தா இன்னிக்கு நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க.

உஷாராணி அக்கா சட்டினி அரைக்க மிக்ஸி கேட்டு வந்தாங்க. இவன் வெள்ளந்தியா அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றான். விரலு வந்துச்சுக்கா, வாசிச்சேன்க்கான்னு. உலகத்துல வேற எந்த ஊரு ஆளா இருந்தாலும் என்னா கேப்பாங்க? எப்படிப்பா இருந்துச்சுன்னு கேப்பாங்க. பாவம்பான்னு சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க என்னா கேப்பாங்க, சொல்லுங்க பாப்போம்.

அதேதான். அங்க நம்பர் ஏதாச்சும் இருந்துச்சாப்பான்னு கேட்டாங்க.

இவனும் யோசிச்சு, பின்னால ஒரு பஸ் நின்னுச்சுக்கா, இந்த நம்பரு மாதிரி இருந்துச்சுன்னான். போய் எடுத்தாங்க. ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு. சனியன். அடிக்காம இருந்திருக்கலாம்ல? நாப்பது வருசமா இந்த மலாக்காவுல கல்லறைக்கும் மரத்துக்கும் போய் நம்பர் கேட்டவங்களுக்கு அடிக்காதது அன்னிக்குப் பாத்து அடிச்சுது.

ஒரே வாரத்துல இந்தப் பாதை பூரா செருப்பு. புதன், சனி, ஞாயிறு, குலுக்கல் நாளு. மத்தியானமே வந்துருவாங்க. இவன் உள்ள படுத்திருப்பான், வெளிய பதினஞ்சு பேரு மூச்சு விடாம உக்காந்திருப்பாங்க, தம்பி தூங்குது, தம்பி தூங்குதுன்னு. பிரசவ வார்டு தோத்துரும். தூக்கம் வரலன்னா மாத்திரை வாங்கியாந்து குடுத்தான் ஒருத்தன், சாக்லேட் குடுக்கற மாதிரி. எந்திரிச்சு வந்து, இல்லண்ணே, கனவுல நம்பர் நிக்காது, ரெண்டாந் தடவ பாத்தா மாறிடும்னு உள்ளதை உள்ளபடி சொல்லுவான். அப்ப மொத தடவ பாத்ததைச் சொல்லுன்னாங்க. அதை வெச்சு எடுத்து அடிக்கலன்னா, நீ சரியாப் பாக்கலன்னு அவனையே திட்டுனாங்க.

ஒருத்தர் சொன்னாரு, உங்க வயசுதான் இருக்கும். தம்பி, அங்க போய் உருமி வாசிச்சு நேரத்தை வீணாக்காத, போனதும் மொதல்ல நம்பரைப் பாருன்னாரு.

அவனுக்கு இருந்தது அது ஒன்னுதான்ணே. ராத்திரி அரை மணி நேரம், ஒரு விரலு, ஒரு உருமி. அதுலயும் கியூ கட்டி நின்னுட்டீங்க.

என்னா, நீங்க வரலயா? சரி, நீங்க வரல. இன்னிக்குத்தான் வர்றீங்க.

அப்பறம் உருமி வர்றதே நின்னு போச்சு. கனவுல போனா அங்கயும் ஆளுங்க உக்காந்திருக்காங்களாம், நம்பர் கேட்டு. பகல்ல தூக்கம் கலக்கம், ராத்திரி முழிப்பு, நாலரைக்கு அலாரம் வேற. கண்ணு குழி விழுந்து போச்சு. லைட்டு சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்துவான், கனவுல லைட்டு ஒழுங்கா எரியாதாம், அதைச் சோதிக்கறானாம். மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு விட்டுப் பாப்பான். சோறு போட்டா, தட்டைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பி மறுபடி பாப்பான், மாறுதான்னு. ஒரு நாளு எங்கிட்ட வந்து, அண்ணே, நீ நெஜமான்னு கேட்டான். நெஜந்தான்டா, வாடகை கட்டறேன்ல, கனவுல வர்றவன் எவன்டா வாடகை கட்டுவான்னேன். பெரிய ஜோக்கு. நானே சிரிச்சேன். அவன் சிரிக்கல. வாடகை ரசீதைக் கொண்டான்னான். ரெண்டு தடவ படிச்சான்.

அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கனும். போனேனா? அம்மா சாமின்னாங்க. கீழ் வீட்டு ஆளு அருள் எறங்குதுன்னாரு. கயிறு கட்டுனாங்க, எலுமிச்சம்பழம் சுத்துனாங்க. கண்ணு சொருகி, நடுங்கி, ஒன்னுக்கொன்னு ஒட்டாமப் பேசறவனுக்கு, வேற வீடா இருந்தா தூக்கம் இல்லன்னு சொல்லியிருப்பாங்க. நம்ம வீட்டுல காலுல விழுந்தாங்க. நான் எஸ்பிஎம் படிச்சவன், அறிவியல்ல பி எடுத்தவன். இதெல்லாம் பேத்தல்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டேன். பேத்தல்னு சொன்னது சரி. ஷிப்டுக்குப் போனதுதான்…

இருங்க. தண்ணி குடிங்க. இன்னும் இருக்கு.

கல்யாணம் பண்ணா சரியாயிடும்னு ஒரு மருந்து இருக்குல்ல நம்மகிட்ட. டுரியான் துங்கால்லயே ஒரு எடம், உங்க ஊருதான். நல்ல குடும்பம். பொண்ணு பாக்க வாங்கன்னாங்க. அம்மாவுக்கு ஒரே கவலை, மொத பார்வையிலயே கையைப் பாத்துருவாங்களேன்னு. நான் கோலாலம்பூர்ல சொல்லி ஒரு ரப்பர் விரலு வாங்குனேன். மட்டமான சாமான் இல்ல. நம்ம தோலு கலர்லயே, நகம், ரேகை எல்லாம் வெச்சு, உறை மாதிரி மாட்டிக்கலாம். பேசி முடிஞ்சப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்னு ஐடியா. யாரு ஐடியா? என் ஐடியாதான். காசும் என்னுதுதான்.

காடியில நான் ஓட்டறேன், அம்மா பக்கத்துல, அவன் பின்னால. புதுச் சட்டை. ரெண்டு ராத்திரியா கண்ணு மூடாதவன், ஆயர் கெரோ தாண்டறதுக்குள்ள தூங்கிட்டான். அம்மா ரேடியோவை நிறுத்துனாங்க, புள்ள தூங்கட்டும்னு. அணைக்கட்டு ரோட்டுல திரும்பறேன், கண்ணாடியில பாக்கறேன், முழிச்சிட்டான். மடியில இருக்கற கையைப் பாக்கறான்.

எண்ணறான்ணே. உதடு அசையுது, எனக்குத் தெரியுது. ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு…

அஞ்சு.

அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க. விரலு போனதுலேருந்து அப்படிச் சிரிக்கல அவன். பொண்ணு பாக்கப் போற சந்தோசம்னு நெனச்சு நானும் கண்ணாடியில அவனைப் பாத்துச் சிரிச்சேன். கதவைத் தொறந்தான், எறங்கிட்டான். அறுவதுல போகுது காடி.

சாவல. இடுப்பு எலும்பு ஒடைஞ்சு, தோளு எறங்கி, தலையில தையல். ரோட்டுல ஓடிப்போய் தூக்கறேன், எங்கிட்ட கேட்ட மொத கேள்வி என்னா தெரியுமா? அண்ணே, ஏன் வலிக்குதுன்னு கேட்டான். பயத்துல கேக்கல. நெசமாவே புரியாமக் கேக்கறான். அந்த ரப்பர் விரலு கழண்டு புல்லுல கெடக்குது. நான் அதை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன், யாரும் பாக்கறதுக்கு முன்ன. அப்பவும் அதைத்தான் மறைச்சேன்.

அந்த எடமா? ஆமா, அந்த வளைவுதான். கேள்விப்பட்டீங்களா அப்ப. ஆம்புலன்சு வர்றதுக்கு முன்னாலயே நாலு மோட்டார் சைக்கிள் நின்னுச்சு. உதவிக்கு வர்றாங்கன்னு நெனச்சேன். போனை எடுத்து என் காடி நம்பரைப் படம் புடிக்கறாங்க. விபத்து நடந்த காடி நம்பரு ராசியாம்ல.

நீங்களும் எடுத்தீங்களா?

உண்மையச் சொல்லுங்க, நான் அடிக்கப் போறதில்ல. …எடுத்தீங்க. எத்தனை வாரம்? மூனா. அடிச்சுச்சா? இல்லல்ல. எங்க காடிக்கு அந்த அறிவாச்சும் இருக்கு.

உக்காருங்கண்ணே, எந்திரிக்காதீங்க. கெட்ட மனுசன்னு உங்களை நான் சொல்லல. மொதல்ல ஊர்ல உள்ள அத்தனை பேர் மேலயும்தான் கோவப்பட்டேன். உஷாராணி அக்கா மேல, அந்த வெள்ளக்காரன் மேல. ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்டயும் கத்துனேன், இந்தக் கனவு வித்தைய எல்லாம் தடை பண்ணுங்கன்னு. சின்ன வயசு டாக்டரு, பொறுமையா கேட்டாங்க. கனவுல இருக்கறப்ப கனவுன்னு தெரியறது நோய் இல்லங்க, நெறைய பேருக்குத் தானாவே வருது, கெட்ட கனவு வர்ற சிலருக்கு அதுவே உதவியா இருக்கும்னாங்க. ஆனா நொந்து கெடக்கற மனுசன், மாசக்கணக்கா ராத்திரித் தூக்கத்தை வெட்டி வெட்டி, பகல்லயும் எது நெஜம்னு தன்னையே கேட்டுக்கிட்டிருந்தா, ஒரு கட்டத்துல பதிலு கொழம்பிப் போகும்னாங்க. மொதல்ல தூங்கட்டும், மத்ததை அப்பறம் பாப்போம்னாங்க. அப்பறம் ஒன்னு கேட்டாங்க. அவரு எதுலேருந்து தப்பிச்சு அங்க போனாருன்னு.

நான் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிச்சேன்.

இப்பத் தூங்கறான். மருந்துல கனவே வர்றதில்லயாம். ரெண்டு கையையும் போர்வைக்குள்ள வெச்சிருக்கான், பாக்கறதே இல்ல. அந்த நம்பரை மட்டும் சொல்லிக்கிட்டிருக்கான். நான் கேட்டேன், ஏன்டா அதையே சொல்றன்னு. அவன் சொல்றான், அண்ணே, அங்க எந்த நம்பரும் ரெண்டாந் தடவ பாத்தா மாறிடும்ண்ணே, இது ஒன்னுதான் எத்தனை தடவ பாத்தாலும் மாறவே இல்ல, இதைப் புடிச்சுக்கிட்டாத்தான் நான் எங்க இருக்கேன்னு தெரியுதுங்கறான்.

பாத்தீங்களா, கண்ணு எப்படி மின்னுது உங்களுக்கு. மாறாத நம்பர். சரி, வாக்குக் குடுத்துட்டேன். பேனா இருக்கா? இந்தாங்க. இந்த மாலை சுத்துன காகிதத்துலயே எழுதிக்குங்க.

ரெண்டு. எட்டு. ஒன்னு. ஆறு.

எங்கேருந்து வந்த நம்பருன்னு கேக்க மாட்டீங்களா? எல்லாரும் கேப்பாங்களே, பாம்பா, கோயிலா, செத்தவங்க வந்து சொன்னாங்களான்னு. அது மிஷின் நம்பரு. மஞ்சப் பெயிண்ட்ல நெத்தியில எழுதியிருக்கும். விரலு மாட்டிக்கிட்டு, அச்சைத் தூக்கறதுக்கு ஆளு வர்ற வரைக்கும் பதினொரு நிமிசம் அவன் மூஞ்சிக்கு நேரா இருந்த நம்பரு அது. எனக்கும் நல்லா மனப்பாடம். எஸ்பிஎம் இருக்குன்னுதானே என்னை அந்த லைனுக்கு லீடராப் போட்டாங்க. விசாரணையில கவி, நானேதான் பட்டனைக் கட்டுனேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான், எனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு. அவன் கட்டல. காலையில ஏழு மணிக்கு, பழைய கையுறை ஒன்னைக் கிழிச்சு, நான்தான் கட்டுனேன். ரெண்டு முடிச்சு.

ஏன்ணே எழுதாம நிக்கறீங்க? ஆறு. கடைசி நம்பரு ஆறு.

இந்தாங்க, உங்க ஸ்டவுட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. கதவைச் சாத்தப் போறேன், விரலைப் பாத்துக்குங்க.